முதல் சீசன் வரைக்கும் கூட இருங்க

ஹாட்ரிக்கில் அணி கையில் கிடைத்த அன்றைக்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “டீம் வந்திருச்சு, இப்ப என்ன பண்ணணும்?” உண்மையான பதில், “பெருசா ஒண்ணும் இல்ல, அடுத்த மேட்ச் வரைக்கும் பொறுங்க” என்பதுதான். இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு உற்சாகம் வடிந்துவிடும். போனில் எந்த கேமைத் திறந்தாலும் முதல் நிமிடத்திலேயே பெட்டி வெடித்து நாணயம் கொட்டும் காலம் இது. பொறுங்கள் என்று சொல்லும் ஒரு விளையாட்டில் யார் உட்காருவார்கள்?

உட்காருகிறார்கள். பத்து, பதினைந்து வருடங்களாக ஒரே அணியை வைத்து ஆடுகிறவர்கள் இதில் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இந்த ஆட்டம் எனக்குக் கொடுத்த சந்தோஷம் இன்னும் நாலு பேருக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதனால் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் புதிதாக வருகிறவர்களுக்குக் கூட இருந்து சொல்லிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்ததில் எனக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள் படித்தால் நல்லது, ஏனென்றால் புதியவர் தங்குவதும் போவதும் பெரும்பாலும் பழையவர் கையில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஹாட்ரிக் என்பது 1997-ல் ஸ்வீடனில் பியோர்ன் ஹோல்மேர் தொடங்கிய கால்பந்து மேலாண்மை விளையாட்டு. பிரவுசரில் ஆடுவது. பந்து உருளுவதை நீங்கள் பார்க்க முடியாது, பந்தை உதைக்கவும் முடியாது. ஒரு கிளப் உங்களிடம் ஒப்படைக்கப்படும். வீரர்கள், பயிற்சி, சம்பளம், ஸ்டேடியம், ஏலம், யார் எங்கே ஆடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. எதிரணியையும் பெரும்பாலும் உங்களைப் போல எங்கோ ஒரு மனிதர்தான் நடத்துகிறார். ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஒன்பது லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. குறைந்ததால்தான் வருகிற ஒவ்வொரு புதியவரும் முக்கியம் என்கிறேன்.

பழையவர்கள் நல்ல மனசோடு செய்கிற ஒரு காரியம் புதியவரை விரட்டிவிடுகிறது. சேர்ந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். எந்தப் பயிற்சி லாபம், எத்தனை உதவிப் பயிற்சியாளர்கள், எந்த வீரரை உடனே விற்க வேண்டும், எந்த வயதில் வாங்க வேண்டும், ஸ்டேடியத்தில் எந்த வகை இருக்கை எவ்வளவு என்று ஒரு எக்செல் தாளையே அனுப்பிவிடுவார்கள். சொல்வது அத்தனையும் சரிதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சாம்பார், ரசம், மோர், பாயசம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் ஊற்றினால் எதைச் சாப்பிடுவார்? புதியவர் அந்தத் தாளில் உள்ளபடியே எல்லாவற்றையும் செய்து முடிப்பார். அதன் பிறகு அவர் யோசிக்க எதுவும் மிஞ்சாது. இரண்டு வாரம் உள்ளே வந்து பார்ப்பார், மூன்றாம் வாரம் வரமாட்டார்.

முதலில் சொல்லித்தர வேண்டியது ஒரு வாரம் எப்படி ஓடுகிறது என்பதை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வார நடுவில் கோப்பை ஆட்டம், இல்லையென்றால் ஃபிரெண்ட்லி. அதற்குப் பிறகு பயிற்சி நாள். அடுத்து வரவு செலவுக் கணக்கு. வார இறுதியில் லீக் மேட்ச். ஒரு பிரிவில் எட்டு அணிகள், ஆளுக்குப் பதினான்கு லீக் ஆட்டம், மொத்தம் 16 வாரம் ஒரு சீசன். வீரர்களுக்கு வயது ஏறுவதும் இந்தக் கணக்கில்தான். நம்முடைய 112 நாள் அவர்களுக்கு ஒரு வருடம். அதாவது இன்று உங்களிடம் இருக்கும் 17 வயதுப் பையன், நம்முடைய ஒரு வருடம் முடிவதற்குள் 20-ஐத் தொட்டுவிடுவான்.

இந்த வரிசையைச் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். தினமும் உள்ளே வர வேண்டியதில்லை, வாரத்துக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் போதும் என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன். வேலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இதைக் கேட்டதும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் அணியை அமைக்க மறந்துவிட்டால்கூட அணி களமிறங்கும். அந்தப் பயத்தையும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

அடுத்த வேலை, அக்கறை வைக்க அவருக்கு ஒரு வீரரைப் பிடித்துக் கொடுப்பது. அணி முழுவதன் மீதும் முதல் வாரத்தில் யாருக்கும் பிரியம் வராது. பெயர்கள் புதிது, எண்கள் புதிது, முகமும் கார்ட்டூன் முகம். ஒரே ஒரு பையன் மீது பிரியம் வரலாம்.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். சேர்ந்த வாரத்தில் அவனிடம், “உன் டீம்ல இருக்கறதுலயே சின்னப் பையன் யாருன்னு பாரு” என்றேன். 17 வயதில் ஒரு மிட்ஃபீல்டர் இருந்தான். பிளேமேக்கிங் திறமை ரொம்பச் சாதாரணம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு திறமைக்கும் இருபது படி உண்டு, டிசாஸ்டரஸில் தொடங்கி டிவைன் வரைக்கும். அந்தப் பையன் கீழேயிருந்து ஐந்தாவது படியில், இன்அடிக்வேட்டில் நின்றான்.

“இவன வச்சு என்ன மாமா பண்றது?”

“வளத்துப் பாரேன்.”

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னபோதுதான் அவன் கண்ணில் முதல் வெளிச்சம் வந்தது. பயிற்சி என்பது ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிகிற விஷயம் கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த பயிற்சிக்கு உரிய இடத்தில் அந்த வாரம் யார் மைதானத்தில் ஆடினாரோ அவருக்குத்தான் பெரிய பலன். பிளேமேக்கிங் பயிற்சி என்றால் இன்னர் மிட்ஃபீல்டர்களுக்கு முழுப் பலன், விங்கர்களுக்குப் பாதி, மற்றவர்களுக்குப் பெயருக்குத்தான். ஒரு மேட்சில் அதிகபட்சம் மூன்று இன்னர் மிட்ஃபீல்டர்கள். தொண்ணூறு நிமிடம் ஆடிவிட்டால் அந்த வாரத்துக்கான முழுப் பயிற்சியும் கிடைத்துவிடும், இரண்டாவது மேட்சில் அவரையே ஆடவிட்டால் கூடுதலாக எதுவும் இல்லை. அப்படியானால் லீக்கில் மூன்று பேர், வார நடு ஆட்டத்தில் வேறு மூன்று பேர் என்று ஒரே வாரத்தில் ஆறு பேரை வளர்க்கலாம். இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. விதியை மட்டும் சொன்னேன். மறுநாள் அவனே போன் பண்ணி, “மாமா, அப்ப ஃபிரெண்ட்லில குட்டிய ஆட வச்சுட்டு, லீக்ல பெரிய ஆளுங்கள எறக்கலாம்ல? ஆறு பேர் ட்ரெயின் ஆவாங்கல்ல?” என்று கேட்டான். பையனுக்குக் குட்டி என்று பெயர் வைத்தாகிவிட்டது என்பதும் அந்த போனில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் அன்றைக்கே விடையைச் சொல்லியிருந்தால் அந்த போன் வந்திருக்காது.

ஹாட்ரிக்கில் ஒரு வீரர் எந்தப் படியில் இருக்கிறார் என்பது தெரியும், அந்தப் படிக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறார் என்பது தெரியாது. அடுத்த படிக்கு ஒரு நூல் தூரத்தில் இருக்கலாம், இப்போதுதான் இந்தப் படிக்கு வந்திருக்கவும் செய்யலாம். அதனால் ஒவ்வொரு பயிற்சி நாளும் இன்றைக்கு ஏறுவானா என்ற எதிர்பார்ப்பு இருந்துகொண்டே இருக்கும். புதிய அணிக்குப் பயிற்சியாளரும் சுமாராகத்தான் அமைவார், ஆகவே ஒரு படி ஏறப் பல வாரங்கள் பிடிக்கும். குட்டி ஏறிய அன்று எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. இன்அடிக்வேட் இருந்த இடத்தில் பேசபிள், பக்கத்தில் பச்சையாக ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். இனி இவன் இந்த விளையாட்டை விட்டுப் போகமாட்டான் என்று அன்று முடிவு செய்தேன்.

மேட்ச் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதியவர்கள் பலர் மறுநாள் வந்து ரிசல்ட் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதைப் போல இழப்பு வேறில்லை. ஹாட்ரிக் மேட்ச் நிஜ நேரத்தில் தொண்ணூறு நிமிடம் ஓடும், நடுவில் கால் மணி நேர இடைவேளை. திரையில் வர்ணனை வரி வரியாக வந்து விழும். மழை பெய்கிறதா, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எந்த வடிவத்தில் இறங்கியிருக்கிறார்கள், 23-ஆவது நிமிடத்தில் இடது பக்கமாக யார் ஓடினார் என்று ஒவ்வொன்றாக வரும். தனியாகப் பார்த்தால் புதியவருக்கு வெறும் எழுத்தாகத்தான் தெரியும். யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து, அல்லது போனில் பேசிக்கொண்டே பார்த்தால் அது மேட்சாகிவிடும். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் சீசனில் இரண்டு மூன்று மேட்சாவது புதியவரோடு சேர்ந்து பாருங்கள். நீங்கள் கொடுக்கும் எந்த அறிவுரையையும்விட அது பெரிய உதவி.

முடிந்த பிறகு அவரிடம் காட்ட வேண்டியது ஏழு எண்கள். ஒவ்வொரு மேட்ச் அறிக்கையிலும் இரண்டு அணிக்கும் ஏழு மதிப்பீடுகள் வரும்: நடுக்களம் ஒன்று, தடுப்பு மூன்று, தாக்குதல் மூன்று. தடுப்பும் தாக்குதலும் இடம், நடு, வலம் என்று பிரிந்திருக்கும். நடுக்களம் பந்து யாரிடம் அதிகம் இருக்கும், கோல் வாய்ப்பு யாருக்கு அதிகம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாய்ப்பு வந்த பிறகு எந்தப் பக்கமாகத் தாக்குகிறார்களோ, அந்தப் பக்கத் தடுப்பு அதற்கு ஈடுகொடுக்கிறதா என்பது அடுத்த கணக்கு. உங்கள் இடது தாக்குதல் மோதுவது எதிரணியின் வலது தடுப்போடு.

என் அக்கா மகன் ஒரு மேட்சில் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றான். கோபத்தில், “இந்த கேம்ல எல்லாமே லக்கு மாமா” என்றான். ஏழு எண்களைத் திறக்கச் சொன்னேன். நடுக்களத்தில் இரண்டு அணியும் கிட்டத்தட்டச் சமம். அவனுடைய வலது தடுப்பு மட்டும் பாதாளத்தில் கிடந்தது. கோல்கள் எந்தப் பக்கமாக வந்தன என்று வர்ணனையில் தேடச் சொன்னேன். நாலில் மூன்று அந்தப் பக்கம்தான். வலது பேக் இடத்தில் யாரை நிறுத்தியிருக்கிறான் என்று பார்த்தால், பெஞ்சில் சும்மா இருந்த ஒரு ஃபார்வர்டை ஆள் இல்லையென்று அங்கே போட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்ப அவங்க என் டீமப் பாத்துதான் அந்தப் பக்கம் அடிச்சாங்களா?” என்று கேட்டான். அவர்கள் பார்த்திருக்கலாம். பழைய மேட்ச் அறிக்கைகள் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கின்றன. அந்த வாரம் முழுக்க அவன் அடுத்த எதிரணியின் பழைய ஆட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தான். தோல்விக்குக் காரணம் தெரிந்துவிட்டால் ஒருவர் விலகுவதில்லை, இன்னும் ஆழமாக உள்ளே வருகிறார். காரணம் தெரியாத தோல்விதான் ஆளை அனுப்பிவிடுகிறது.

அதிர்ஷ்டமும் உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது. எல்லா எண்ணிலும் மேலே இருந்து தோற்கும் நாளும் வரும்.

வடிவம் பற்றிக் கேட்டால் 4-4-2 என்று சொல்லிவிடலாம். பழக்கமில்லாத வடிவத்தில் இறக்கினால் அணி மைதானத்தில் குழம்பிவிடும், அந்தத் தலைவலி முதல் சீசனில் வேண்டாம். ஆட்டத்தின் முக்கியத்துவத்தைக் குறிக்கும் தேர்வை மட்டும் கொஞ்சம் விளக்கலாம். இந்த மேட்ச் உயிர் என்று சொல்லி இறக்கினால் நடுக்களம் வலுக்கும், ஆனால் அதன் பிறகு அணியின் மனநிலை சரியும். அலட்டிக்கொள்ளாமல் ஆடச் சொன்னால் நடுக்களம் தளரும், மனநிலை ஏறும். எந்த மேட்சை விட்டுக்கொடுத்து எந்த மேட்சைப் பிடிப்பது என்ற யோசனை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சீசனின் பாதியில் சொன்னால் சரியாக இருக்கும். மழையில் டெக்னிக்கல் வீரர் திணறுவார், பவர்ஃபுல் வீரர் சோபிப்பார், வெயிலில் இது தலைகீழ் என்பதெல்லாம் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அது கண்டுபிடிப்பவருக்குத்தான் ருசி.

பணத்தில் இரண்டு விஷயம் போதும். ஸ்டேடியம் 12,000 இருக்கைகளோடு வரும், முதல் சில மாதங்களுக்கு அதுவே தாராளம். கையில் காசு இருக்கிறதே என்று இடித்துக் கட்டக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள், பெரிய ஸ்டேடியத்துக்குப் பராமரிப்புச் செலவு ஒவ்வொரு வாரமும் உண்டு. இன்னொன்று, ஒவ்வொரு வீரருக்கும் போடப்பட்டிருக்கும் டிஎஸ்ஐ என்கிற எண். பெரிதாகவும் கவர்ச்சியாகவும் இருக்கும், ஆனால் அதில் ஃபார்மும் கலந்திருக்கிறது. இன்று ஃபார்ம் உச்சத்தில் இருப்பவரின் டிஎஸ்ஐ உயரும், நாலு வாரத்தில் ஃபார்ம் இறங்கினால் அதுவும் இறங்கும். அதைப் பார்த்து வாங்காமல், எந்த இடத்துக்கு ஆள் வேண்டுமோ அந்த இடத்துக்குரிய திறமையையும் வயதையும் சம்பளத்தையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

காசு கட்டி வாங்கும் சப்போர்ட்டர் சந்தாவைப் பற்றியும் கேட்பார்கள். அதில் கூடுதல் புள்ளிவிவரங்களும் அலங்காரங்களும் கிடைக்கும், மைதானத்தில் ஒரு துளி சாதகமும் கிடையாது. பணம் கட்டியவரும் கட்டாதவரும் சமமாக மோதுகிற விளையாட்டு என்பதே இதன்மேல் எனக்குள்ள பெரிய மரியாதை. முதல் சீசன் முடியட்டும், பிடித்திருந்தால் கட்டுங்கள் என்பேன்.

உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. கீழ்ப் பிரிவுகளில், அதுவும் ஆள் குறைவான நாடுகளின் லீக்கில், பல அணிகளுக்கு உரிமையாளரே இருக்கமாட்டார். விட்டுப் போனவர்களின் அணிகளைக் கணினி ஓட்டிக்கொண்டிருக்கும். ஏழு எதிரணிகளில் மனிதர்கள் இரண்டு பேர்தான் என்றால் புதியவருக்கு ஆளில்லாத வீட்டுக்குள் வந்துவிட்டது போலத் தோன்றிவிடும். இதைச் சொல்லாமல் மறைத்துப் பயனில்லை. அந்த இரண்டு பேர் யாரென்று கண்டுபிடித்து, “வணக்கம், உங்க பிரிவுக்குப் புதுசா வந்திருக்கேன்” என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் வரும். வார நடு ஃபிரெண்ட்லிக்கு உங்கள் அணியோடேயே ஆடக் கூப்பிடுங்கள், உங்களுக்குத் தெரிந்த வேறு நாட்டுக்காரர் அணியோடு ஏற்பாடு செய்து கொடுங்கள். வெளிநாட்டு அணிகளோடு ஆடி அந்தந்த நாட்டுக் கொடிகளைச் சேர்ப்பது பலருக்குத் தனி ஆசை. போலந்தில் ஒருவர், உருகுவேயில் ஒருவர் என்று ஆட ஆரம்பித்ததும் உள்ளூர் பிரிவின் வெறுமை தெரியாது. தேசிய அணி என்று ஒன்றும் இருக்கிறது. அதன் பயிற்சியாளரை ஆடுகிறவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்திய லீக்கில் ஆடுகிற புதியவருக்கும் அதில் ஒரு ஓட்டு உண்டு என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்.

குட்டிக்கு 18 ஆனது, அப்புறம் 19. பிளேமேக்கிங்கில் எக்ஸலண்ட் தொட்டான். வயது கூடக் கூடப் பயிற்சி மெதுவாகும், பிறந்தநாள் வரும்போது சம்பளமும் ஏறும். “விக்கவா மாமா?” என்று அக்கா மகன் ஒரு நாள் கேட்டான். நான் விற்கவும் சொல்லவில்லை, வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. அதே வயது, அதே திறமை உள்ளவர்கள் என்ன விலைக்குப் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனிக்கச் சொன்னேன். ஏலப் பட்டியலில் ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது, ஏலம் மூன்று நாள் ஓடும், அதையும் நினைவுபடுத்தினேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டுப் போட்டான்.

கடைசி நாள் இரவு வரை ஒரே ஒரு கேள்விதான் வந்திருந்தது, அதுவும் அடிமாட்டு விலைக்கு. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இத்தாலிக்காரர் ஒருவர் நுழைந்தார். கடைசி நிமிடத்தில் ஒரு ஜெர்மன்காரர். கடைசி மூன்று நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் ஏலம் இன்னும் மூன்று நிமிடம் நீளும். நீண்டது, திரும்பவும் நீண்டது. இரண்டு பேரும் விடவில்லை. போனில் அவன் ஒவ்வொரு தொகையையும் கத்திக் கத்திப் படித்துக்கொண்டிருந்தான், ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரர்களும் வந்து நின்றுவிட்டார்கள் போல, பின்னால் ஒரே சத்தம். கடைசியில் குட்டி இத்தாலிக்குப் போனான், அவன் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கு.

அந்தப் பணத்தில் நல்ல தடுப்பாட்டக்காரர்களை வாங்குவான், பிளேமேக்கிங் பயிற்சியைத் தொடர்வான் என்று நினைத்தேன். அவனோ 17 வயது விங்கர்கள் மூன்று பேரை வாங்கிப் பயிற்சியையே விங்குக்கு மாற்றிவிட்டான். அவன் இடத்தில் நானாக இருந்தால் மாற்றியிருக்க மாட்டேன். ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்கு, அவன் பிரிவில் எல்லா அணிகளின் ஓரத் தடுப்பும் பலவீனம், நடுவில் மட்டும்தான் எல்லோரும் கோட்டை கட்டியிருக்கிறார்கள் என்று ஏழு அணிகளின் எண்களையும் வரிசையாக எடுத்து வைத்தான். ஹாஸ்டல் பக்கத்து அறைப் பையன்கள் இரண்டு பேர் இப்போது அணி எடுத்திருக்கிறார்கள். என்ன பண்ணணும் என்று அவர்கள் கேட்பது இனி அவனிடம்தான்.